அஞ்சோட நிறுத்து

நான்தான், சின்னவன் பேசறேன். வயசு இருபத்துமூணு முடிஞ்சு ரெண்டு மாசம். இப்ப இருக்கறது ஆஸ்பத்திரி மூணாவது மாடியில, ஆபரேஷன் ஆனவங்களை வெச்சிருக்கற ரூமுக்கு வெளியில, தண்ணி மெஷினுக்குப் பக்கத்து நாற்காலி. ஞாயித்துக்கிழமை காலை. பிளீச்சு பட்டு விரல் நுனியெல்லாம் வெடிச்சுக் கிடக்கு, தொட்டா போனுக்கு என் விரல் தெரியவே மாட்டேங்குது. அதனால வாயால சொல்றேன், போன் எழுதிக்குது. அக்கா, இதை நீதான் அம்மாவுக்கும் அண்ணிக்கும் வாசிச்சுக் காட்டணும். நடுவுல எதையும் விட்டுடாத. அம்மா அழுதா நிறுத்திட்டு, அப்புறம் விட்ட இடத்துலேர்ந்து படி.

முதல்ல இதைச் சொல்லிடறேன். அண்ணன் உயிரோட இருக்கான். நேத்து சாயங்காலம் வயித்தைத் திறந்து பெருங்குடலை எடுத்துட்டாங்க. இன்னும் சரியா கண்ணு முழிக்கல. கண்ணாடி வழியா பாக்கறேன், மூச்சு வருது, போகுது. முழிச்சதும் என்கிட்ட என்ன கேப்பான்னு எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடணும்னு தோணுது. வீட்டுக்குச் சொல்ல மாட்டேன்னு அவனுக்கு சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தேன். அதை இப்ப மீறறேன்.

எங்க வேலை என்னன்னு உங்களுக்கு லாண்டரின்னு மட்டும்தான் தெரியும். துணி துவைக்கறோம்னு நினைச்சுட்டு இருப்பீங்க. நாங்க கையால எதையும் துவைக்கறதில்ல. நாலு ஆஸ்பத்திரி, ஆறு ஹோட்டல் துணி வண்டி வண்டியா வரும். ஆளுயரத்துக்கு மெஷின், ஒரு தடவைக்கு நூறு கிலோ விழுங்கும். அண்ணன் இஸ்திரி உருளையில. ஈரப் படுக்கை விரிப்பை ரெண்டு பேரு ரெண்டு மூலையைப் பிடிச்சு உள்ள விடணும், அந்தப் பக்கம் அப்பளமா வெளிய வரும். அந்த சூட்டுல நின்னு நின்னு அவன் முகமே ஒரு கலர் மாறிப்போச்சு. நான் கறை மேசையில. மேல நாலு டியூப் லைட்டு, கீழ வெள்ளை மேசை. துவைச்சு வந்த விரிப்பை விரிச்சுப் பாத்து, கறை போகாததை எடுத்து திரும்பத் துவைக்கற கூண்டுல போடணும். எத்தனை போட்டேன்னு அட்டையில எழுதணும். அதான் வேலை. அங்க என்னைக் 'கறை'ன்னுதான் கூப்பிடுவாங்க. "டேய் கறை, டீ குடிக்க வரியா?"

அந்த அட்டையில ஒரு விஷயம் இருக்கு. ஒரு மெஷின் துணிக்கு அஞ்சுக்கு மேல எழுதினா மேஸ்திரி வருவார். மெஷினை நிறுத்துவார். யாரு சோப்பு ஊத்தினது, யாரு சூடு வெச்சது, யாரு தூங்கினதுன்னு ஒவ்வொருத்தரா விசாரிப்பார். ஒரு மணி நேரம் போயிடும், அந்த ஒரு மணி நேரமும் நம்ம தலையில. நான் சேர்ந்த முதல் வாரம் உண்மையா ஒன்பதுன்னு எழுதிட்டேன். அன்னைக்கு மொத்த ஷிஃப்டும் என்னை முறைச்சுது. சாப்பாட்டு நேரத்துல அண்ணன் பக்கத்துல வந்து ரொட்டியைப் பிச்சுக்கிட்டே மெதுவா சொன்னான்.

"அஞ்சோட நிறுத்து."

"மிச்சத்தை என்ன பண்றது?"

"கறை உள்ள போற மாதிரி மடிச்சு அனுப்பிடு."

அதுதான் எங்க ஷிஃப்டு மடிப்பு. மூணா மடிச்சு, கறை இருக்கற மூலையை உள்ள தள்ளி, மறுபடி ரெண்டா மடிக்கறது. பாக்க நல்லாத்தான் இருக்கும். ஒரு வருஷமா அப்படித்தான் மடிச்சேன். எந்தப் படுக்கைக்குப் போகும், யாரு படுப்பாங்கன்னு ஒரு நாளும் யோசிக்கல.

அண்ணனுக்கு எப்ப ஆரம்பிச்சதுன்னு டாக்டரம்மா கேட்டப்ப ரெண்டு வாரம்னு சொன்னான். பொய். நாலு மாசம். நாங்க அஞ்சு பேரு ஒரே ரூம், ஒரே பாத்ரூம். எனக்கு முன்னாடி எந்திரிச்சுப் போயிடுவான். தாழ்ப்பாள் சத்தம் கேக்கும். கொஞ்ச நேரம் கழிச்சு குழாய்ல தண்ணி ஊத்தற சத்தம். ஒரு நாள் கதவு சரியா சாத்தல. உள்ள குந்திக்கிட்டு அவன் பேன்ட்டை அலசிட்டு இருக்கான். பச்சைத் தண்ணியில. எங்க தொழில்ல இருக்கறவனுக்கு அது போதும். ரத்தக்கறையைத்தான் பச்சைத் தண்ணியில அலசுவோம். சுடு தண்ணி பட்டா ரத்தம் துணியில ஆணி அடிச்ச மாதிரி நின்னுடும்.

"என்னண்ணா அது?"

"சூடு. உருளை பக்கத்துல நிக்கறேன்ல."

"டாக்டர்கிட்ட போலாம்."

"மூலம்டா. அப்பாவுக்கு இருந்தது இல்ல? அது மாதிரி. அண்ணிகிட்ட ஏதாவது சொன்ன, தோலை உரிச்சுடுவேன்."

அப்பாவுக்கு இருந்தது. எனக்கு அப்ப பத்து வயசு. அப்பா வாளியைத் தூக்கிட்டுப் பின்னாடி போவார், திரும்பி வருவார், உக்காரறதுக்குள்ள மறுபடி போவார். மூலம்னு வீட்டுல சொன்னாங்க, எல்லாரும் அதையே சொன்னோம். அம்மா, நீங்க தனியா ஒரு தொட்டியில துணி ஊற வெப்பீங்க. என்னைத் தொடக் கூடாதும்பீங்க. அந்தத் தண்ணி கலரு என் கண்ணுல இன்னும் நிக்குது.

போன திங்கக்கிழமை உருளைகிட்ட அண்ணன் விழுந்தான். நல்லவேளை பின்னாடி பக்கம் விழுந்தான். ஜுரம் கொதிக்குது. நெஞ்சுல கை வெச்சா படபடன்னு அடிக்குது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து ஒன்பதாம் நம்பர் படுக்கை கொடுத்தாங்க. நர்ஸம்மா படுக்கைக்கு விரிப்பு போட்டாங்க. இடுப்புல பெரிய சாவிக்கொத்து தொங்கும், நடந்தா சத்தம் வரும், அதனால அண்ணன் அவங்களுக்கு 'சாவி'ன்னு பேரு வெச்சான். சாவியம்மா விரிப்பை உதறினாங்க. மூணு மடிப்பு, உள்ள தள்ளின மூலை. நம்ம மடிப்புன்னு பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. விரிஞ்சதும் நடுவுல உள்ளங்கை அளவு பழுப்புக் கறை. பழைய ரத்தம். யாரோடதோ. சாவியம்மா "ச்சே"ன்னு சுருட்டி ஓரமா போட்டாங்க. அண்ணன் என்னைப் பாத்தான். நான் தரையைப் பாத்தேன்.

அன்னைக்கே டாக்டரம்மா வந்து, பின்பக்கமா சின்னக் குழாய் விட்டுப் பாத்துட்டு, என்னைக் கூப்பிட்டுச் சொன்னாங்க. அண்ணனுக்கு இந்த ஊரு பாஷை வேலைக்குத் தேவையான அளவுதான் தெரியும். எனக்குக் கொஞ்சம் கூடத் தெரியும். அதனால அவங்க சொல்றதை நான்தான் அவனுக்குச் சொல்லணும், அவன் சொல்றதை அவங்களுக்குச் சொல்லணும். இது மூலம் இல்லை, பெருங்குடல் முழுக்க உள்பக்கம் புண்ணா இருக்கு, உடம்பே தன் குடலை எதிரி மாதிரி நினைச்சுத் தாக்குதுன்னு சொன்னாங்க. முதுகு வலிக்குன்னு கடையில வாங்கி முழுங்கின மாத்திரை இருக்கே, அது இன்னும் கிளறி விட்டிருக்கலாமாம். அதை உடனே நிறுத்தச் சொன்னாங்க. கிருமி ஏதாவது இருக்கான்னு மலத்தை டெஸ்டுக்கு அனுப்பினாங்க. கையில ஊசி குத்தி ஸ்டீராய்டு, ஒரு நாளைக்கு நாலு தடவை. தினமும் ரத்தப் பரிசோதனை, வயித்துக்கு எக்ஸ்ரே.

அப்புறம் வயித்துல ஒரு ஊசி. ரத்தம் கட்டிக்கக் கூடாதுன்னு. அதைச் சொன்னதும் அண்ணன் எந்திரிச்சு உக்காந்துட்டான்.

"ரத்தமா போகுதுன்னு வந்தா, ரத்தம் கட்டக் கூடாதுன்னு ஊசியா? யாருடா இவங்க? நல்லா கேட்டியா?"

கேட்டேன். இந்த நோவுல கால் நரம்புல ரத்தம் கட்டி, அது நெஞ்சுக்குப் போய் அடைச்சா உயிருக்கே ஆபத்து, இந்த ஊசியால குடல்ல ரத்தம் போறது பெருசா அதிகமாயிடாதுன்னு சாவியம்மா சொன்னாங்க.

பக்கத்துப் படுக்கையில டிரைவர் மாமா. நம்ம பாஷை பேசறவர், இருபத்தஞ்சு வருஷம் பஸ் ஓட்டினவர். அவருக்கும் இதே நோவுதான், ஆறு வருஷம் முன்னாடியே குடலை எடுத்துட்டாங்க, இப்ப வேற எதுக்கோ வந்திருக்கார். வயித்துல ஒரு பை, மலம் அதுலதான் வந்து விழும். சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"இவனுக்கு மேனேஜர்னு பேரு வெச்சிருக்கேன் தம்பி. நான் சொல்றதைக் கேக்க மாட்டான். நாலு பேரு இருக்கற இடத்துலதான் சத்தம் போடுவான். நேரத்துக்குக் கவனிக்கலன்னா நாத்தம் அடிப்பான். ஆனா ஒண்ணு, இவன் வந்தப்புறம் நான் நடு ரோட்டுல பஸ்ஸை நிறுத்திட்டு ஓடினதே இல்ல."

நான் சிரிச்சேன். அண்ணன் சிரிக்கல. அந்தப் பையையே பாத்துட்டு இருந்தான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இது மாதிரி வெச்சா நான் உருளைகிட்ட நிக்க முடியுமாடா?"ன்னான்.

"முடியாதுன்னு யாரு சொன்னா?"

"மேஸ்திரி விடுவானா? வேலை போச்சுன்னா இங்க இருக்க விட மாட்டாங்க. வயித்துல பையோட வீட்டுக்குப் போய் நிக்கணும். கல்யாணம் ஆகி எத்தனை மாசம் அவகூட இருந்தேன்? என்னைப் பாத்தா என்ன நினைப்பா?"

அண்ணி, இதையும் அக்கா படிப்பா. கோவிச்சுக்காதீங்க. அவன் பயந்தது உங்களுக்கு இல்ல. உங்க முகம் மாறிடுமோன்னு பயந்தான்.

பாத்ரூம் கதவுல ஒரு சார்ட் ஒட்டியிருந்தாங்க. ஒவ்வொரு தடவை போனதும் நேரம், ரத்தம் இருந்துதா, எவ்வளவு, எல்லாம் எழுதணும். அண்ணன் வலது கையில ட்ரிப்பு, இடது கையில எழுத வராது. நான் இல்லாத நேரம் அவன் மனசுல வெச்சுக்குவான், ஷிஃப்டு முடிஞ்சு நான் வந்ததும் சொல்லுவான், நான் எழுதுவேன். சாவியம்மா அதுக்கு ஒத்துக்கிட்டாங்க, அவங்களுக்குப் பதினாலு படுக்கை. செவ்வாய்க்கிழமை பேனாவை எடுத்துட்டு, "எத்தனைண்ணா?"ன்னு கேட்டேன்.

"அஞ்சு."

"நான் வந்து ஒரு மணி நேரத்துல மூணு தடவை போயிட்ட."

"பத்து. நீ அஞ்சோட நிறுத்துடா."

சத்தமா சொல்லல. சாப்பாட்டு நேரத்துல சொன்ன அதே குரல். என் கை தானா எழுதிடுச்சு. ஒரு வருஷமா பழகின கை. புதனும் அவன் சொன்னது பத்து, நான் எழுதினது அஞ்சு. அவன் போற ஒவ்வொரு தடவையும் தாழ்ப்பாள், தண்ணி, மறுபடி தாழ்ப்பாள். வேணாம்னாலும் என் காது எண்ணுது. தரை துடைக்க வர்ற அம்மா குப்பைக்கூடையை எடுத்துட்டுப் போகும்போது, "உங்க அண்ணனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பாத்ரூம் பேப்பர் உருளை பத்தல"ன்னு சொல்லிட்டு சார்ட்டைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, போயிட்டாங்க.

வியாழக்கிழமை மூணாவது நாள். லாண்டரியில லீவு சொல்லிட்டு காலையிலேயே வந்துட்டேன். அன்னைக்குத்தான் முடிவு பண்ற நாள்னு டாக்டரம்மா முதல்லயே சொல்லியிருந்தாங்க. ஸ்டீராய்டு கேக்குதா இல்லையான்னு மூணு நாள்ல தெரிஞ்சுடுமாம். கேக்கலன்னா சும்மா அதையே ஏத்திக்கிட்டு இருக்கக் கூடாதாம், நாள் கடத்தறதுதான் ஆளைக் கொல்லுமாம். அவங்க ரத்த ரிப்போர்ட்டை ஒரு கையிலயும் சார்ட்டை ஒரு கையிலயும் வெச்சுக்கிட்டு நின்னாங்க.

"வீக்கம் காட்டற நம்பர் தொண்ணூத்தாறு இருந்தது, நாப்பத்துநாலுக்கு வந்திருக்கு. பாதி வழியில நிக்குது. சார்ட்டுல அஞ்சுன்னு இருக்கு. இது சரிதானா? கேளு. எட்டுக்கு மேலன்னா நான் இன்னைக்கே வேற மருந்து ஆரம்பிக்கணும். ரெண்டு மணி நேரம் ட்ரிப்புல ஏத்தற மருந்து. சர்ஜனும் வந்து பாக்கணும்."

நான் அண்ணன்கிட்ட திரும்பினேன். முழுசா சொன்னேன், ஒரு வார்த்தை விடல. எட்டுக்கு மேலன்னா மருந்துன்னு சொன்னேன். சர்ஜன்னும் சொன்னேன். அவன் காதுல கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்துச்சுன்னு நினைக்கறேன்.

"சரின்னு சொல்லு."

"அண்ணா, மருந்துதான் முதல்ல. கத்தி இல்ல."

"சரின்னு சொல்லுடா."

டாக்டரம்மா எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாங்க. அவங்களுக்குப் பாஷை தெரியாது. நான் திரும்பி அவங்க பாஷையில சொன்னேன், சரியான கணக்குதான்னு. அன்னைக்கு அதுவரைக்கும் மட்டுமே ஏழு. ராத்திரிக்குள்ள பதினொண்ணு. எனக்குத் தெரியும். அவங்க மனசில்லாமத்தான் தலையாட்டினாங்க. "அப்ப சனிக்கிழமை வரைக்கும் பாக்கலாம்"னு சொல்லிட்டுப் போனாங்க.



வெள்ளிக்கிழமை கறை மேசையில நிக்கறேன். அந்த ஆஸ்பத்திரி துணி வந்துச்சு. ஓரத்துல வார்டு நம்பர் அச்சடிச்சிருக்கும். மூணாவது மாடி, அண்ணன் இருக்கற வார்டு. ஒரு விரிப்பு, நடுவுல கறை. கூண்டுல போட்டேன். இன்னொண்ணு. இன்னொண்ணு. நாலு. ராத்திரி படுக்கையில பட்டுடுச்சுன்னு ஒரு தடவைதான் விரிப்பை மாத்தினாங்கன்னு அண்ணன் சொல்லியிருந்தான். வேற யாரோடதாவது இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். அஞ்சாவதா ஒரு துண்டு வந்து விழுந்துச்சு. வெள்ளைத் துண்டு, ஓரத்துல சிவப்பு நூலால தையல். அம்மா, நாங்க கிளம்பற அன்னைக்கு ஆளுக்கு ஒண்ணு தெச்சுக் கொடுத்தீங்களே, மாறிப்போகக் கூடாதுன்னு அவனுக்குச் சிவப்பு, எனக்குப் பச்சை. அந்தத் துண்டு. விரிப்போட விரிப்பா சுருட்டிப் போட்டுட்டாங்க போல. சுடுதண்ணியில வெந்து, கறை அப்படியே நின்னுடுச்சு. நாலு டியூப் லைட்டுக்குக் கீழ விரிச்சு வெச்சுக்கிட்டு நின்னேன். என்னை மேஸ்திரி தட்டினார்.

"என்னடா கறை, பேயறைஞ்ச மாதிரி நிக்கற? கூண்டுல எத்தனை?"

"அஞ்சு சார்."

அன்னைக்கு மட்டும் அது உண்மை.

துண்டைச் சட்டைக்குள்ள மடிச்சு வெச்சுக்கிட்டு ரெண்டரை மணிக்கு வார்டுக்குப் போனேன். அண்ணன் முன்னாடி விரிச்சேன். அவன் முகத்தைத் திருப்பிக்கிட்டான்.

"நான் சொல்லப்போறேன்."

"சொல்லு. சொல்லிட்டு நீயே என் பையைக் கழுவு."

"கழுவறேன்."

"வாய் கிழியப் பேசாத. கழுவறப்ப தெரியும்."

"அண்ணா, செத்துடுவ."

"ஒரு நாள்டா. ஒரே ஒரு நாள். நேத்தைக்கு இன்னைக்குப் பரவால்ல. மருந்து இப்பத்தான் பிடிக்குது. எனக்கு உள்ள தெரியாதா? நாளைக்குப் பாரு. நாளைக்கும் இப்படியே இருந்தா நானே சொல்றேன். அம்மா மேல சத்தியம்."

டிரைவர் மாமா அவர் படுக்கையிலேர்ந்து, "தம்பி, நானும் இப்படித்தான் ஒரு நாள் ஒரு நாள்னு சொல்லி ஒரு வாரம் ஓட்டினேன். பிரேக் பிடிக்காத வண்டியை ஓட்டற மாதிரி"ன்னார்.

"மாமா, நீங்க சும்மா இருங்க"ன்னான் அண்ணன். அவர் போர்வையைத் தலைக்கு மேல இழுத்துக்கிட்டார்.

நான் அவனுக்கு அந்த ஒரு நாளைக் கொடுத்தேன். யாரும் என் கையைக் கட்டிப்போடல. சாவியம்மா ரெண்டு தடவை என்னைத் தாண்டிப் போனாங்க, சாவிச் சத்தம் கேட்டுச்சு, நான் வாயைத் திறக்கல. சார்ட்டுல அஞ்சுன்னு எழுதினேன். அன்னைக்கு அவன் வாயாலயே சொன்னது பதிமூணு.

நேத்து, சனிக்கிழமை. எட்டரை மணிக்கெல்லாம் வந்துட்டேன். அண்ணன் அசையாம மல்லாந்து படுத்திருக்கான். காலை சூப்பு அப்படியே ஏடு கட்டிப்போய் இருக்கு. உதடு காஞ்சிருக்கு. என்னைப் பாத்து லேசா கையைத் தூக்கினான்.

"ரெண்டு தடவைதான்டா. நிஜமா. நேத்து ராத்திரியிலேர்ந்து ரெண்டே ரெண்டு தடவைதான்."

நான் அவன் முகத்தையே பாத்தேன். பொய் சொல்லும்போது அவன் மூக்கைத் தேய்ப்பான். தேய்க்கல. நிஜம்தான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஓடிப்போய் சார்ட்டுல எழுதினேன், ரெண்டு. அந்த வாரத்துல நான் எழுதின முதல் நிஜ நம்பர். பேனாவை மூடல, அதுக்குள்ள காதுல ஒரு குரல் கேட்டுச்சு.

அம்மா, உங்க குரல். "இன்னைக்கு ரெண்டே தடவைதான் போனார். சரியாயிடுச்சு."

பதிமூணு வருஷம் ஆச்சு. நான் வாசப்படியில உக்காந்து பாடம் எழுதிட்டு இருக்கேன். பக்கத்து வீட்டு அத்தைகிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க. தொட்டியில அன்னைக்குத் துணி இல்ல. அப்பா உள்ள படுத்திருந்தார், வயித்து மேல கை வெச்சுக்கிட்டு, யாரையும் கூப்பிடாம. எல்லாருக்கும் அவ்வளவு சந்தோஷம். மறுநாள் அப்பா இல்ல, உங்களுக்கே தெரியும்.

திரும்பிப் போய் அண்ணன் போர்வையைத் தூக்கினேன். வயிறு ஊதியிருக்கு. தோல் பளபளன்னு இழுத்துக்கிட்டு நிக்குது. விரலால தட்டினேன், காலி டிரம்முல தட்டின மாதிரி சத்தம். "தொடாதடா"ன்னு பல்லைக் கடிச்சான்.

ஓடினேன். அந்த வார்டுல ஓடக் கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்கு. சாவியம்மா மருந்து வண்டிகிட்ட நின்னாங்க. என்னவோ வாயில வந்ததெல்லாம் சொன்னேன். நான் எழுதினது பொய், எல்லாமே பொய், செவ்வாயிலேர்ந்து, இன்னைக்கு மட்டும்தான் உண்மை, இன்னைக்குத்தான் பயமா இருக்குன்னு. அவங்க ஒரு கேள்வி கேக்கல. வந்து அண்ணன் வயித்துல கை வெச்சாங்க, நாடி பாத்தாங்க, சுவத்துல இருந்த பட்டனை அழுத்தினாங்க. படுக்கைக்கே எக்ஸ்ரே மெஷினைத் தள்ளிட்டு வந்தாங்க. குடல் செயலிழந்து, காத்து அடைச்சு, வெடிக்கற அளவுக்கு உப்பியிருக்காம். அதனாலதான் வெளிக்குப் போகல. குறைஞ்சது நோவு இல்ல, குடலுக்குத் தள்றதுக்கு இருந்த சக்தி.

டாக்டரம்மா சார்ட்டைக் கதவுலேர்ந்து பிச்சு எடுத்துட்டு வந்து என் முன்னாடி வெச்சாங்க. "சொல்லு."

"செவ்வாய் பத்து. புதன் பத்து. வியாழன் பதினொண்ணு. வெள்ளி பதிமூணு."

என் அஞ்சுக்குப் பக்கத்துல ஒவ்வொண்ணா எழுதினாங்க. திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். கடைசியா நான்தான் கேட்டேன், வியாழக்கிழமையே சொல்லியிருந்தா குடல் தப்பிச்சிருக்குமான்னு. பேனா மூடியைப் போட்டுப் போட்டு எடுத்தாங்க.

"அந்த மருந்து சில பேருக்குக் கேக்கும், சில பேருக்குக் கேக்காது. உங்க அண்ணனுக்கு என்ன ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆனா அவனுக்கு ஒரு வாய்ப்பு கிடைச்சிருக்கும். இன்னைக்கும் நீ சொல்லாம இருந்திருந்தா, நாளைக்கு ஆளே இருந்திருக்க மாட்டான்."

ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லிட்டாங்க. அதுல எதைப் பிடிச்சுக்கறதுன்னு எனக்குத் தெரியல.

சர்ஜன் வந்தார். வயித்துல பேனாவால ஒரு புள்ளி வெச்சு, பை இங்க வரும்னு காட்டினார். சில மாசம் கழிச்சு உடம்பு தேறினா உள்ளயே மறுபடி வழி பண்ண முடியுமான்னு பாக்கலாம்னார். அண்ணன் எல்லாத்துக்கும் தலையாட்டினான். கையெழுத்துப் போடச் சொன்னாங்க. பேனா பிடிக்க முடியல, நான் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டேன். தள்ளிட்டுப் போறப்ப டிரைவர் மாமா படுக்கையிலேர்ந்து இறங்கி, சட்டையைத் தூக்கி, "மேனேஜர் சலாம் சொல்றான் தம்பி, போய்ட்டு வா"ன்னார்.

மூணு மணிக்கு உள்ள போனவனை ஆறரைக்கு வெளிய கொண்டு வந்தாங்க. அதுலேர்ந்து இந்த நாற்காலியிலதான் இருக்கேன். பக்கத்துல யாரோ பாத்ரூம் போனா தாழ்ப்பாள் சத்தம் கேக்குது. ஒண்ணு. தண்ணி. மறுபடி வேற யாரோ. ரெண்டு. நிறுத்த முடியல.

இருங்க. கூப்பிடறாங்க.

...

வந்துட்டேன். முழிச்சுட்டான். அஞ்சு நிமிஷம் உள்ள விட்டாங்க. வாய் உலர்ந்து போய் இருக்கு, பஞ்சால தண்ணி தொட்டு வெச்சேன். போர்வைக்கு மேலயே கையை நகத்தி, அந்தப் பை இருக்கற இடத்துல வெச்சான். எடுத்துட்டான். மறுபடி வெச்சான். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். ஏண்டா சொன்னன்னு கேப்பான்னு நினைச்சேன். இல்லன்னா ஏண்டா அன்னைக்கே சொல்லலன்னு.

"அம்மா சொன்னது உனக்கும் ஞாபகம் வந்துச்சா?"ன்னான்.

"எது?"

"ரெண்டே தடவைதான்னு."

நான் நிமிர்ந்து அவனைப் பாத்தேன்.

"காலையில படுத்துக்கிட்டு எண்ணிப் பாத்தேன். ரெண்டுன்னு வந்துச்சு. உடனே அம்மா குரல் கேட்டுச்சு. பயத்துல எனக்கு வேர்த்துடுச்சுடா. அந்த சாவியம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லணும்னு பாத்தேன், வாய் வரல. நாலு நாள் பொய் சொன்ன வாய். அதான் நீ வர வரைக்கும் வெச்சிருந்து உன்கிட்ட சொன்னேன். உனக்கு ஞாபகம் வந்தா நான் பிழைச்சேன், வரலன்னா இல்லன்னு விட்டுட்டேன்."

"எனக்குப் பத்து வயசு அப்ப."

"எனக்குப் பதினாறு. வாளியை நான்தான் ஊத்துவேன். நானும் யாருகிட்டயும் எண்ணிச் சொல்லல."

அப்படியே தூங்கிட்டான். மூச்சு ஒழுங்கா வருது.

வெளிய வரும்போது டாக்டரம்மா ஒரு பேப்பர் கொடுத்தாங்க. அப்பாவுக்கு என்ன இருந்ததுன்னு எழுதணும். முதல் நாள் நான் மூலம்னு சொன்னதை அவங்களே கோடு போட்டு அடிச்சிருக்காங்க. எத்தனை நாள் ரத்தம் போச்சு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, கடைசி வாரம் எப்படின்னு கேட்டிருக்காங்க. எனக்கும் பாக்கணுமாம், அக்கா உனக்கும் பாக்கணுமாம், அப்பா பிள்ளைங்க எல்லாருக்கும். நீ போன மாசம் போன்ல வயித்துக் கடுப்பு, சூடுன்னு சொன்ன. அது சூடுதானான்னு எனக்குத் தெரியாது. நாளைக்கே போய்க் காட்டு.

பேப்பர் மடியில இருக்கு. பேனாவும் இருக்கு. எல்லா இடமும் காலியா இருக்கு. அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அக்கா, அம்மா பக்கத்துல உக்காந்து கேளு. அப்பா ஒரு நாளைக்கு எத்தனை தடவை போனார்? அந்த ரெண்டுக்கு முந்தின நாள் எத்தனை? அம்மா சொல்றதை அப்படியே எழுதி அனுப்பு. குறைக்காத.